இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிய பிறகு

பதினாறு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியாக எழுதியது ஒரு ஏரி மதகுக் கல்வெட்டைப் பற்றி. இரண்டாம் பாகம் எங்கே என்று ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீர்கள். மன்னிக்கணும், அது பாதியில் கிடக்கிறது. இடையில் வீட்டில் வேறொரு பாடம் நடந்தது. மனைவிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோ, கதிர்வீச்சு, அப்புறம் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து இப்போது ஒரு வருஷம். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா என்னைத் தியாகி ஆக்கிடாதீங்க, நீங்களும் ஆகிடாதீங்க" என்றாள்.

நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு இருபது வருஷமா கோடு எழுதிப் பிழைக்கிறவன். இங்கே இருப்பது கூட இருந்து பார்த்ததும், பயத்தில் ராத்திரி உட்கார்ந்து படித்ததும்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் "மென்மையான உணவு, சிறிது சிறிதாக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் சில தப்புகளைப் பண்ணியிருக்க மாட்டேன்.

ஆரம்பம் சப்பாத்தியில். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி குடித்தாள். "காய்ஞ்சு போச்சு, அதான்" என்றாள். நானும் நம்பினேன். உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். நன்றாக விரிந்து கொடுக்கும் என்பதால் உள்ளே ஒன்று வளர்ந்தாலும் வெகுநாள் காட்டிக்கொடுக்காது. உள்விட்டம் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் திட உணவு தவறாமல் சிக்க ஆரம்பிக்கிறது. எண்டோஸ்கோப்பி, பயாப்சி, பெட் ஸ்கேன் எல்லாம் மூணு வாரத்தில் முடிந்தது. ஸ்குவாமஸ் வகை. நடு நெஞ்சில்.

உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "காபி ரொம்ப சூடா குடிப்பாளா?" கேள்வி முட்டாள்தனமானது இல்லை. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை" என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் சேர்த்தது. புகையிலையும் சாராயமும் இதைவிடப் பெரிய காரணங்கள். இவளுக்கு அந்த ரெண்டும் கிடையாது. ஒரு தனி ஆளுக்கு ஏன் வந்தது என்று இந்தப் பட்டியல்களை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் என்னவோ குற்றம் செய்தவள் மாதிரி ஆகிவிடும். மூணாவது வாரத்திலிருந்து வாசலிலேயே நிறுத்தி, "காபி பத்தி மட்டும் பேசாதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். துணையாக இருப்பதில் நான் சரியாகச் செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் வாரம் ஒரு கீமோ, வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. ஐந்து வாரம், 23 தடவை. இந்தக் கணக்கு நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான கிராஸ் என்ற ஆய்விலிருந்து வந்தது. நேராக ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம். கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டுச் செய்தவர்களுக்கு 49 மாதம். ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த எண்ணைப் படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன், அப்புறம் அழுதேன். இடைநிலை என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு அந்த 49 இரண்டு பக்கமும் வெட்டும். அவளிடம் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து ஆபரேஷன். வலப்பக்க நெஞ்சு, வயிறு, கழுத்து என்று மூணு இடத்தில் வேலை. மெக்கியோன் என்ற சர்ஜன் 1976-இல் விவரித்த முறை. உணவுக்குழாயை ஏறக்குறைய முழுசாக எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஸ்டேப்ளர் போட்டு, நாலைந்து சென்டிமீட்டர் அகலக் குழாயாக்கி, நெஞ்சுக்குள் மேலே இழுத்துக் கழுத்தில் மிச்சமிருக்கும் துண்டோடு இணைக்கிறார்கள். சர்ஜன் பேனாவால் வரைந்து காட்டியபோது என் மனைவி கேட்டது: "அப்ப வயிறு எங்க இருக்கும்?" "நெஞ்சுலம்மா" என்றார். "அப்ப பசிச்சா நெஞ்சைத் தடவிக்கணுமா?" அவர் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

இதில் ஒரு சங்கதி எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏரிப் பாசனம் படித்த புண்ணியம். இரைப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் பல. மேலே இழுக்கவேண்டும் என்பதால் பெரும்பாலானவற்றைக் கட்டிவிட்டு, கீழ் வளைவில் வலப்பக்கமிருந்து வரும் ஒன்றை முக்கியமாக நம்பி விடுகிறார்கள். அந்த ஒரு வாய்க்கால் முழுக் குழாய்க்கும் பாயணும். கழுத்து இணைப்பு இருப்பது கடைமடையில். கடைமடைக்குத் தண்ணி எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தையல் விட்டுப்போகிறது, கசிகிறது. முதல் பத்து நாள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது இதற்காகத்தான். இணைப்பு கழுத்தில் இருந்தால் கசிவு பெரும்பாலும் வெளிப்பக்கம் வந்துவிடும், நெஞ்சுக்குள் கசிவதைவிட ஆபத்து குறைவு.

இந்த ஆபரேஷனின் சரித்திரத்தையும் தேடிப் படித்தேன், பழக்கதோஷம். நெஞ்சுப்பகுதி உணவுக்குழாயை வெற்றிகரமாக எடுத்த முதல் ஆள் நியூயார்க்கில் இருந்த ஃப்ரான்ஸ் டோரெக், 1913-இல். நோயாளி 67 வயது அம்மா. இரைப்பையை மேலே கொண்டுவரும் முறை அப்போது கைவரவில்லை. கழுத்தில் ஒரு துவாரம், வயிற்றில் ஒரு துவாரம், ரெண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் இணைக்கும். அந்த அம்மா அப்படியே பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்த அன்றைக்கு இதைச் சொன்னேன். குரல் வராமல் காற்றாக வந்தது அவளுக்கு. "ரப்பர் குழாயோட... சாப்பாட்டைக் குறை சொல்லியிருப்பாளா?" என்றாள். அதற்கப்புறம் வீட்டில் ஏதாவது கஷ்டமான நாள் என்றால் "நியூயார்க் பாட்டி" என்று ஒரு வார்த்தை போதும்.

குரல் காற்றானதற்குக் காரணம், குரல்வளைக்குப் போகும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. தொட்டாலே சுணங்கும். குரல் போனது பெரிய விஷயமில்லை. குரல்நாண் சரியாக மூடாவிட்டால் விழுங்கும் தண்ணி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா ஆகலாம், அதுதான் விஷயம். தாடையை மார்பை நோக்கிக் குனித்துக்கொண்டு விழுங்கச் சொல்லிக்கொடுத்தார் ஸ்பீச் தெரபிஸ்ட். தண்ணியைவிடக் கெட்டியான திரவம் சுலபம். ரெண்டரை மாசத்தில் குரல் திரும்பியது. மூணு பந்து இருக்கும் அந்த மூச்சுப்பயிற்சிக் கருவியை மணிக்குப் பத்து தடவை இழுக்கணும். மூணாவது பந்து ஏறியது ஆறாம் நாள். என் மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள் வீடு. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய், நேராகச் சிறுகுடலுக்குள். வாய் வழியாகப் போதுமான அளவு போகும்வரை ராத்திரியில் அதில் திரவ உணவு. மணிக்கு 50 மில்லி, பத்து மணி நேரம், 500 மில்லி, ஏறக்குறைய 500 கலோரி. கணக்கு எனக்குப் பிடித்தது. எக்செல் திறந்தேன்.

முதல் தப்பு நாலாவது நாள் ராத்திரி. அமிலத்துக்கான மாத்திரையைப் பொடித்துக் கரைத்து அந்தக் குழாயில் விட்டேன். குடலில் போய்க் கரையவேண்டிய மாத்திரைகளுக்கு மேல்பூச்சு இருக்கும். பொடித்தால் அது கட்டிகட்டியாக நின்று அடைக்கும். அடைத்தது. பதறிப்போய் 5 மில்லி சிரிஞ்சில் தண்ணி எடுத்து அழுத்தினேன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று எட்டாம் கிளாஸில் படித்தவன்தானே நான். சின்ன சிரிஞ்ச் என்றால் அதே கட்டைவிரலுக்குப் பல மடங்கு அழுத்தம், குழாயே கிழியலாம். போனில் நர்ஸ் திட்டினார். 50 மில்லி சிரிஞ்ச், வெதுவெதுப்பான தண்ணி, தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து, அரைமணி நேரம். திறந்துகொண்டது. அதிலிருந்து உணவுக்கு முன்னும் பின்னும், மருந்துக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணி விட்டுக் கழுவுவதை ஒரு நாளும் விட்டதில்லை. மருந்து திரவமாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

குழாய் ஏழாவது வாரம் எடுத்தாச்சு. அப்புறம்தான் நிஜமான கஷ்டம்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் முக்கியமாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாச்சு, மிச்சத்தின் நரம்பையும் அறுத்தாச்சு. ஆக, உடம்பு பசி என்று சொல்வதே நின்றுபோகிறது. இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாளானது. ஒரு நாளைக்கு எட்டு தடவை, அரை கப் அரை கப்பாக. ஆறு மணிக்கு, எட்டுக்கு, பத்துக்கு என்று என் போனில் அலாரம். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தோம், முட்டை, குழைந்த பருப்பு சாதம், முள் எடுத்த வஞ்சிரம். அத்தை சமையலறையில், நான் தட்டோடு, என் மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நோய் வருவதற்கு முன் 61 கிலோ. ஆபரேஷன் அன்று 56. மூணாவது மாசம் 47. ஃபிரிட்ஜ் கதவில் கிராஃப் ஒட்டினேன். சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டே போனது.

ஒரு நாள் மத்தியானம் அலாரம் அடித்தது, தட்டை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. "பசியே இல்லாம எட்டு தடவை சாப்பிட்டுப் பாருங்க, தெரியும். எனக்கு நர்ஸ் வேணும்னா மாசச் சம்பளத்துக்குக் கிடைப்பாங்க. என் வீட்டுக்காரர் எங்க போனாரு?" எழுந்துபோய் அந்த கிராஃபைத் திருப்பி ஒட்டினாள், வெள்ளைப்பக்கம் வெளியே தெரியும்படி. அத்தை ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார்.

ரெண்டு நாள் எனக்குக் கோபம். இவ்வளவு பண்ணியும் இப்படியா என்று. மூணாம் நாள் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது: அந்த கிராஃப் அவளுக்காக ஒட்டியதே இல்லை. என்னால் எதையும் தடுக்க முடியவில்லை, எண்ணவாவது செய்யலாம் என்று ஒட்டியது. அன்று சாயங்காலம் அலாரங்களை அவள் போனுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, "நீயே பாத்துக்கோ. எப்ப உதவி வேணுமோ சொல்லு" என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் ஒரு பழைய நோட்டில் தனக்கு வேண்டியபடி எழுத ஆரம்பித்தாள். கலோரி எழுதவில்லை. "சேமியா உப்புமா, நெஞ்சுல நிக்கல", "தோசை ஓரம், வேண்டாம்", "ரசம் குடிச்சா இருமல்", இப்படி. ரெண்டு வாரத்தில் அந்த நோட்டு என் எக்செல்லைவிட உபயோகமானதாகிவிட்டது.

டம்பிங் என்ற தொந்தரவைக் கண்டுபிடித்ததும் அந்த நோட்டுதான். பழைய இரைப்பை சாப்பாட்டைத் தேக்கிவைத்து, கீழே இருக்கும் பைலோரஸ் என்ற மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இப்போது தேக்கமும் இல்லை, மதகின் நரம்பும் இல்லை. சர்க்கரை அதிகமான சாப்பாடு மொத்தமாகச் சிறுகுடலுக்குள் விழுந்தால், அதன் அடர்த்தியைச் சமன்செய்ய ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படும். சாப்பிட்ட அரைமணிக்குள் படபடப்பு, வயிற்றைப் பிசைதல், தலைசுற்றல், பேதி. இது முதல் வகை. ரெண்டாவது வகை ஒன்று முதல் மூணு மணி நேரம் கழித்து. சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏற, உடம்பு இன்சுலினை அள்ளிக்கொட்ட, சர்க்கரை தரைமட்டத்துக்குப் போய்விடும்.

மகள் பிறந்தநாளுக்குப் பாயசம். ஒரு கரண்டிதான். ரெண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, நெற்றியெல்லாம் வியர்த்து, பேச்சு குழறியது. அத்தையின் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 52. சர்க்கரை நோயே இல்லாதவளுக்கு. வேடிக்கை என்னவென்றால் அந்த நேரத்தில் கொடுக்கவேண்டியதும் சர்க்கரைதான். குளுக்கோஸ் தண்ணி கொடுத்து, கால்மணி கழித்துத் திரும்பப் பார்த்து, அப்புறம் கொஞ்சம் இட்லியும் முட்டையும். அதற்குப்பின் விதிகள் மாறின. இனிப்பும் வெல்லக் கஞ்சியும் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வாட்ச்மேன் வீட்டுக்கு. ஒவ்வொரு தட்டிலும் முதலில் புரதம். சாப்பாட்டோடு தண்ணி கிடையாது. முன்னும் பின்னும் அரைமணி இடைவெளி. திரவம் சேர்ந்தால் எல்லாம் சீக்கிரம் அடித்துக்கொண்டு போய்விடும். சாப்பிட்டதும் படபடப்பு வந்தால் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்காருவது.

சாய்ந்து உட்காரலாம், தட்டையாகப் படுக்கக் கூடாது. உணவுக்குழாயின் கீழே இருந்த வால்வும் ஆபரேஷனோடு போய்விட்டது. இனி பித்தநீர் மேலே வராமல் தடுப்பது புவியீர்ப்பு மட்டும்தான். தலையணை அடுக்கினால் போதும் என்று நினைத்தேன். போதாது. இடுப்பில் மடிந்து வயிற்றை அழுத்தும், ராத்திரியில் சரிந்தும் விடுவாள். ஒரு நாள் விடிகாலை மூணு மணிக்குக் கசப்பு தொண்டைக்கு வந்து மூச்சு முட்டி எழுந்தாள். அன்று காலையே தச்சரைக் கூப்பிட்டுக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மரக்கட்டை வைத்தோம், மேலே சரிவான ஃபோம் மெத்தை. மத்தியானத்துக்குத் தாத்தாவின் ஈசிசேர். கட்டில் சரிவானதில் நான்தான் ராத்திரி கீழே வழுக்கிக்கொண்டே போனேன், இப்போது பழகிவிட்டது. ராத்திரி ஏழரைக்கு மேல் சாப்பாடு இல்லை, பத்தரைக்குத்தான் படுக்கை.

குனிந்தாலும் இதே கதைதான். மார்கழி முதல் நாள் பழக்கத்தில் கோலமாவோடு போய்க் குனிந்தவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். ஆபரேஷன், கீமோ எதற்கும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சும்மா பக்கத்தில் நின்றேன். மறுநாள் மகள் ஒரு சின்ன முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஆறு புள்ளிக் கோலம். அடுத்த பக்கத்துக்கு முக்காலியை நகர்த்தி வைப்பது மகளின் வேலை.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எட்டாவது வாரத்தில் கஞ்சிகூட இறங்காமல் போனது. திரும்ப வந்துவிட்டது என்றே ரெண்டு பேரும் நினைத்தோம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் தையல் ஆறிய தழும்பு சுருங்கி 6 மில்லிமீட்டர் ஓட்டை. கழுத்து இணைப்பில் இது அடிக்கடி நடப்பதுதானாம். ஒரே நாளில் விரித்தால் கிழியும் என்பதால் ரெண்டு மூணு வார இடைவெளியில் நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக 15 வரை. ஆரம்பத்தில் சொன்ன அந்த 13-ஐத் தாண்டிய அன்று அவள் சப்பாத்தி கேட்டாள். சின்னதாகப் பிய்த்து, குருமாவில் ஊறவைத்து, முக்கால் மணி நேரம்.

இப்போது 50 கிலோ, நாலு மாசமா மாறவில்லை. இரைப்பை குறைந்ததால் பி12, இரும்புச்சத்து ரெண்டும் ரத்தத்தில் அவ்வப்போது பார்க்கிறார்கள். பி12 ஊசி ஓடுகிறது. எடுத்த பகுதியைப் பரிசோதித்ததில் கட்டி இருந்த இடத்தில் தழும்பு மட்டுமே என்று வந்தது. கிராஸ் ஆய்வில் ஸ்குவாமஸ் வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அப்படி வந்திருக்கிறது. நல்ல செய்திதான். திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துக்குள் வரும், எங்களுக்கு ஒன்றுதான் முடிந்திருக்கிறது. அந்த 24, 49 கணக்கை இந்தப் பதிவை எழுதும்போதுதான் அவளிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும், உங்க லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் காலை ஆறு மணி, எட்டு மணி அலாரங்களை மட்டும் நேற்றே அணைத்து வைத்துவிட்டாள். பத்து மணி அலாரம் அப்படியே இருக்கிறது.